பார்க்க வருகிறவர்களிடம் காசு வாங்குங்கள்: சுவாமிமலை ஸ்தபதிகளுக்கு ஒரு திறந்த மடல்

சாமி சிலைகளை உலோகத்தில் வார்க்கிற மதிப்பிற்குரிய சுவாமிமலை ஸ்தபதிகளுக்கும், உங்கள் பட்டறைகளில் மெழுகும் மண்ணும் உளியும் பிடிக்கிற கைவினைஞர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். கும்பகோணம் பக்கம் வரும் சொந்தக்காரர்களையும், பள்ளிப் பிள்ளைகளையும், வெளியூர் நண்பர்களையும் உங்கள் பட்டறைகளுக்குக் கூட்டிவருவது எனக்கு வழக்கம். யாரும் எங்களை வாசலோடு திருப்பி அனுப்பியதில்லை. கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு எழுந்து வந்து, மெழுகைக் காட்டி, மண்ணைக் காட்டி, கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு பைசா வாங்கியதில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல். இனி பார்க்க வருகிறவர்களிடம் காசு வாங்குங்கள். கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு வகுப்பு வையுங்கள், அதற்கும் காசு வாங்குங்கள்.

இலவசமாகக் காட்டுவது உங்கள் பெருந்தன்மை. ஆனால் அதில் இரண்டு தரப்புக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது. பட்டறையைச் சுற்றிப் பார்த்து முடித்தால் அடுத்து வருவது விற்பனைக்கூடம். அங்கே ஒரு அடி உயரப் பிள்ளையாரின் விலையைக் கேட்டதும் மாதச் சம்பளக்காரரின் முகம் மாறிவிடுகிறது. விலை நியாயமானதுதான். பல வார வேலை, கிலோ கணக்கில் செம்பு. அவரிடம் அந்தப் பணம் இல்லை, அவ்வளவுதான். அரை மணி நேரம் உங்களைப் பேசவைத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறோமே என்று கூசிக்கொண்டு வெளியே வருகிறார். அடுத்த தடவை ஊர்ப்பக்கம் வரும்போது கோயிலைக் கும்பிட்டுவிட்டு நேராகப் பேருந்து ஏறிவிடுகிறார். சிலர் பிள்ளைகளை உள்ளே விடவே தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். "வாங்கப் போறதில்லையே, எதுக்குத் தொந்தரவு" என்பார்கள்.

உங்கள் பக்கம் பார்த்தால், எழுந்து வந்து காட்டுகிறவரின் நேரம் போகிறது. துண்டுக் கணக்கில் கூலி வாங்குகிறவராக இருந்தால் அந்த அரை மணி நேரம் அவருடைய கூலியிலிருந்துதான் கழிகிறது. விற்பனை நடந்தாலும் அதில் ஒரு பங்கு வண்டி ஓட்டிவந்தவருக்கும் வழிகாட்டிக்கும் போய்விடுவது சுற்றுலா ஊர்கள் எல்லாவற்றிலும் இருக்கிற வழக்கம். மெழுகைக் காட்டியவர் கைக்கு எதுவும் வருவதில்லை. பார்ப்பதற்கென்று தனியாக ஒரு கட்டணம் இருந்தால் இந்தக் கூச்சம் போய்விடும். வருகிறவர் தைரியமாகக் கேள்வி கேட்பார். நீங்களும் அவர் எதையாவது வாங்குவாரா என்று யோசிக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். என்னோடு வந்த ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மெழுகு வேலை செய்யும் அண்ணன் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் அம்மன் ஒன்றின் வலது கையைச் செய்துகொண்டிருந்தார். கரிச்சட்டியில் காய்ந்துகொண்டிருந்த தட்டையான இரும்புக் கருவியை எடுத்து மெழுகில் வைத்ததும் மெலிதாகப் புகைந்தது, குங்கிலிய வாசனை வந்தது. மெழுகை விரல்களுக்கிடையில் திரித்து, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, ஒவ்வொரு விரலாக உள்ளங்கையில் ஒட்டினார். ஒட்டின இடத்தைச் சூட்டுக் கருவியால் ஒரு தடவு தடவியதும் இணைப்பு இருந்த தடமே தெரியவில்லை. பிறகு ஆள்காட்டி விரலைக் கொஞ்சமாக வளைத்தார். அந்த வளைவு வந்த பிறகுதான் அது அம்மன் கையானது. முடித்ததும் பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சட்டிக்குள் போட்டார். "வெயிலுக்கு இளகிடும்மா, விரல் தொங்கிப்போயிடும்" என்றார்.

அவள் ஒரு துண்டு மெழுகு கேட்டாள். கொடுத்தார். மீன் செய்ய ஆரம்பித்தாள். செதில் வைப்பதற்குள் எங்கள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. மெழுகைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். மண் பூசி, சுட்டு மெழுகை ஓடவிட்டு, அந்த இடத்தில் உலோகம் ஊற்றினால் அந்த மீன் உலோகமாகியிருக்க முடியும். அதற்குத் தேவையான எல்லாமே அதே கூரைக்குக் கீழே இருந்தன. அதற்கென்று ஒரு ஏற்பாடு மட்டும்தான் இல்லை.

இதை நான் கனவாகச் சொல்லவில்லை. கண்ணாடி ஊதுகிறவர்கள் இப்படி ஒரு ஏற்பாட்டால்தான் தங்கள் கலைக்குப் புது உயிர் கொடுத்தார்கள். அமெரிக்காவில் 1962 வரை கண்ணாடி ஊதுவது பெரும்பாலும் தொழிற்சாலைக்குள் நடக்கிற வேலை. தனியாக ஒரு கலைஞன் சின்ன உலை வைத்துக்கொண்டு செய்ய முடியும் என்று நம்பியவர்கள் குறைவு. அந்த ஆண்டு ஹார்வி லிட்டில்டன் என்ற மட்பாண்டக் கலைஞர், டொலிடோ கலை அருங்காட்சியக வளாகத்தில் இருந்த ஒரு வண்டிக் கொட்டகையில் சின்ன உலை வைத்து ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார். முதலில் உருக்கிய கண்ணாடி சரியாக வரவில்லை. டொமினிக் லபினோ என்ற கண்ணாடித் தொழில் நிபுணர் குறைந்த சூட்டில் உருகும் கண்ணாடிக் கோலிகளை உருக்கச் சொன்னார். அது வேலை செய்தது. ஆனால் ஊதுகிற நுணுக்கம் அங்கிருந்த கலைஞர்கள் யாருக்கும் தெரியாது. லிபி என்ற கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஹார்வி லீஃப்கிரீன் என்ற தொழிலாளிதான் வந்து ஊதிக் காட்டினார். இன்று உலகம் முழுவதும் இருக்கிற சின்னச் சின்னக் கண்ணாடிக் கூடங்கள் பலவற்றின் வேர் அந்தக் கொட்டகையில் இருக்கிறது. உங்களிடம் உலை இருக்கிறது, பொருள் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக வந்த லீஃப்கிரீன்கள் பட்டறைக்குப் பட்டறை இருக்கிறார்கள்.

நியூயார்க் மாநிலத்துக் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். 1951இல் தொடங்கிய அருங்காட்சியகம், 1996இல் கற்பிப்பதற்கென்றே தனிக்கூடம் கட்டியது. வருகிற குடும்பங்கள் காசு கட்டி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கவசமும் மாட்டிக்கொண்டு, ஒரு கைவினைஞர் பக்கத்தில் நின்று குழாயில் ஊதுகிறார்கள். உலையிலிருந்து கண்ணாடியை எடுப்பது, குழாயைச் சுழற்றுவது, ஆபத்தான வேலை எல்லாம் கைவினைஞர் கையில். விருந்தாளி நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறார், சொன்ன நேரத்தில் ஊதுகிறார். செய்த பொருளை அன்றைக்கே எடுத்துப்போக முடியாது. கண்ணாடியைச் சூட்டுப் பெட்டியில் வைத்து இரவெல்லாம் மெதுவாக ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். ஆகவே மறுநாள் வந்து வாங்கிக்கொள்கிறார்கள், இல்லையென்றால் பார்சலில் வீட்டுக்குப் போகிறது. அந்தக் காத்திருப்பை யாரும் குறையாக எண்ணுவதில்லை.

உங்கள் தொழிலுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று அலபாமாவின் பர்மிங்காம் நகரத்து ஸ்லாஸ் உலைகள். ஒரு காலத்தில் இரும்பு உருக்கிய பெரிய ஆலை. 1971இல் மூடிய பிறகு இடித்துத் தள்ளாமல் அருங்காட்சியகமாக்கி, 1983இல் திறந்தார்கள். இன்று அங்கே உலோக வார்ப்புக் கலைஞர்கள் வேலை செய்கிறார்கள், வகுப்பு நடத்துகிறார்கள். இரும்பு வார்ப்புக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிசின் கலந்து இறுகிய மணல் பலகைகளைத் தயாராக வைத்திருப்பார்கள். வருகிறவர் ஒன்றை வாங்கி, ஆணியாலோ கரண்டியாலோ அதில் தன் படத்தைக் கீறுவார். எழுத்து என்றால் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுத வேண்டும். கீறின பலகையைக் கொடுத்துவிட்டு தூரப் போய் நின்றுகொள்வார். வார்ப்புக்காரர்கள் உருகின இரும்பை ஊற்றுவார்கள். ஆறினதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையில் கொடுப்பார்கள். ஐந்து வயசுப் பிள்ளைகூட ஒரு வார்ப்பு செய்துவிடுகிறது, உருகிய உலோகத்துக்குக் கிட்டே போகாமலே.

உங்கள் முறையில் இதைவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகு கையில் பிடித்துச் செய்கிற பொருள். மணல் பலகையில் கீறல்தான் போட முடியும். மெழுகில் முழு உருவமே செய்யலாம். விருந்தாளியின் விரல் ரேகை அப்படியே உலோகத்தில் வரும். காவிரி வண்டலை உமிக்கரியும் சாணமும் கலந்து நீங்கள் பூசுகிற முதல் பூச்சு அவ்வளவு நுண்மையாகப் படியும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் கணக்கு. 30 கிராம் மெழுகில் ஒரு பிள்ளை மீனோ ஆமையோ செய்தால், அதற்கு ஏறக்குறைய 270 கிராம் உலோகம் போதும். மெழுகின் எடையைப்போல எட்டொன்பது மடங்கு என்பது நீங்கள் தினமும் போடுகிற கணக்கு. பத்து பிள்ளைகளின் சின்ன உருக்களை ஒரே தண்டில் கிளைபோல ஒட்டி ஒரே மண் அச்சில் வார்த்துவிடலாம். தனியாக உலை மூட்ட வேண்டாம், அடுத்த வார்ப்பு நாளில் உலோகம் உருக்கும் மூசையில் கொஞ்சம் கூடுதலாக உருக்கினால் போதும். மண் காயச் சில நாள், வார்க்க ஒரு நாள், அரம் போட்டு மெருகேற்ற ஒரு நாள். பிறகு தபாலில் அனுப்பிவிடலாம். எங்கோ ஓசூரிலோ நாகர்கோவிலிலோ ஒரு வீட்டுக் கதவைத் தபால்காரர் தட்டி, கனமான சின்னப் பொட்டலம் ஒன்றைக் கொடுப்பார். அந்த வீட்டில் சுவாமிமலை என்ற பெயர் எத்தனை வருஷத்துக்கு இருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

வகுப்பை மெழுகிலிருந்து தொடங்குவதைவிட ஓலையிலிருந்து தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்வேன். நான் ஆசிரியன் என்பதால் இதில் எனக்குத் தனி ஆசை. உருவத்தின் உயரத்துக்குத் தென்னை ஓலையைக் கிழித்து, அதை மடித்து மடித்தே முகம், மார்பு, தொடை, முழங்கால் என்று பங்கு போடுகிறீர்களே, அந்த ஒடியோலையைப் பார்த்தபோது என் பிள்ளைகள் அசந்துபோனார்கள். கையில் அளவுகோல் இல்லை, அங்குலமும் சென்டிமீட்டரும் இல்லை. விரல் அளவு உருவமானாலும் ஆள் உயரமானாலும் விகிதம் ஒன்றே. உத்தம தசதாளம் என்ற சிற்ப அளவுமுறையில் உயரத்தை 124 பாகமாகப் பிரிப்பதையும், அம்மனுக்கு 120 என்பதையும் சொன்னீர்கள். பின்னம் என்றால் ஓடுகிற பிள்ளைகள் ஓலையை மடித்து மூன்றில் ஒன்று எது, நாலில் ஒன்று எது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஆளுக்கொரு ஓலை கொடுத்து ஒரு மணி நேரம் மடிக்கவைத்தாலே அது பெரிய பாடம். அதற்குச் செலவும் கிடையாது.

சுற்றிப் பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கும் ஒன்று செய்ய வேண்டும். இப்போது எந்த நாளில் வருகிறோமோ அந்த நாளில் நடக்கிற வேலைதான் கண்ணில் படுகிறது. ஒருவர் மண் பூசிக்கொண்டிருப்பார், இன்னொருவர் அரம் போட்டுக்கொண்டிருப்பார். எது எதற்குப் பிறகு என்று புதிதாக வருகிறவருக்குப் பிடிபடாது. மண் பூசினதைப் பார்த்துவிட்டு, சாமியை மண்ணில் செய்துவிட்டுப் பிறகு உலோகத்தகடு ஒட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். ஒரே சின்ன உருவத்தை ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தி ஒரு பலகையில் வரிசையாக வையுங்கள். மெழுகு உரு, முதல் வண்டல் பூச்சு, வயல் களிமண்ணும் மணலும் சேர்த்த அடுத்த பூச்சு, இரும்புக் கம்பி கட்டிய வெளிப்பூச்சு, மெழுகு ஓடின பிறகு நடுவில் அறுத்து உள்ளே வெற்றிடத்தைக் காட்டும் ஒரு அச்சு, மண்ணை உடைத்ததும் கிடைக்கிற கரடுமுரடான வார்ப்பு, கடைசியில் முடிந்த உருவம். அந்த அறுத்த அச்சு ஒன்றே ஆயிரம் விளக்கத்துக்குச் சமம். உள்ளே ஒன்றுமில்லாத இடத்தில் சாமியின் வடிவம் மட்டும் இருப்பதைக் கண்ணால் பார்த்தவர்கள், அச்சை உடைத்துத்தான் உருவத்தை எடுக்க வேண்டும், ஆகவே ஒன்றைப்போல இன்னொன்று இருக்காது என்பதைத் தானே புரிந்துகொள்வார்கள். அச்சில் போட்டு நூறு நூறாக எடுக்கிற மலிவு சிலைக்கும் உங்கள் சிலைக்கும் ஏன் விலையில் அத்தனை வித்தியாசம் என்று அப்புறம் யாரும் கேட்கமாட்டார்கள்.

வார்ப்பு நாளை முன்கூட்டியே அறிவியுங்கள். உருகின உலோகம் மூசையிலிருந்து இறங்குவதைப் பார்க்கத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள், பெரும்பாலோர் பார்க்காமலே போகிறார்கள். மழையால் மண் காயாமல் போகும், நாள் தள்ளும், தெரியும். "இந்த வாரத்தில் வார்ப்பு இருக்கலாம், முதல் நாள் மாலை தொலைபேசியில் கேட்டுக்கொள்ளவும்" என்று ஒரு வரி போட்டால்கூடப் போதும்.

ஆனால் அந்த நாளில் மட்டும் தயவுசெய்து கண்டிப்பாக இருங்கள். இன்று எங்களைப்போன்றவர்களைச் செருப்புக் காலோடு உலைப் பக்கம் வரவிடுகிறீர்கள். அன்பால்தான் விடுகிறீர்கள். மண் அச்சில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்தாலும் உள்ளே ஆவி கிளம்பி உலோகம் தெறிக்கும். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும், அந்தச் சூட்டில் ஒரு துளி தெறித்தாலும் நைலான் துணி தோலோடு ஒட்டிக்கொள்ளும். பித்தளை சேர்க்கும்போது எழும் வெள்ளைப் புகை துத்தநாகம் எரிகிற புகை. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஈயமும் சேர்கிறது. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது. பார்வையாளர்களுக்கு ஒரு கோடு, காற்று வரும் பக்கமாக ஒரு மேடை, பருத்தித் துணியும் மூடின காலணியும் இல்லாமல் வந்தால் தூரத்திலிருந்துதான் பார்க்கலாம் என்று ஒரு விதி. இதை வைத்தால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். சொல்லப்போனால், பார்வையாளருக்காகப் புகைபோக்கியும் கண்கவசமும் வாங்குகிற பட்டறையில், வருஷம் முழுவதும் உலையடியில் நிற்கிற தொழிலாளிக்கும் அது கிடைக்கும். எனக்கு இந்த ஏற்பாட்டிலேயே பெரிய நன்மை இதுதான் என்று தோன்றுகிறது.

சிலரிடம் இதைப் பேசியபோது வந்த மறுப்புகள் நியாயமானவை. வழிபாட்டுக்குரிய திருமேனியை வேடிக்கைப் பொருளாக்கலாமா என்று பெரியவர் ஒருவர் கேட்டார். கூடாது. வகுப்பில் சாமி உருவம் வேண்டாம். மீன், ஆமை, வாழைப்பூ, மணி, கைவிளக்கு போதும். கோயிலுக்கென்று உபயதாரர் கேட்டுச் செய்கிற திருமேனியின் வார்ப்பையும், தங்க உளியால் கண் திறக்கிற சடங்கையும் காட்டலாமா வேண்டாமா என்பது உங்களுக்கும் அவர்களுக்கும் உட்பட்டது. அங்கே படம் எடுக்கக் கூடாது என்றால் கூடாது. கட்டணம் கட்டினவருக்கு எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

தொழில் ரகசியம் வெளியே போய்விடாதா என்றும் கேட்கிறார்கள். வெனிஸ் நகரம் 1291இல் தன் கண்ணாடி உலைகளை எல்லாம் முரானோ தீவுக்கு மாற்றியது. மர வீடுகள் நிறைந்த நகரத்தில் தீப்பிடிக்கக்கூடாது என்பது காரணம். ரகசியம் காப்பதற்கும் அந்தத் தீவு வசதியாகிவிட்டது. பிறகு கண்ணாடி ஊதுகிறவர்கள் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று சட்டமும் வந்தது. அப்படியும் நுணுக்கங்கள் ஐரோப்பா முழுக்கப் பரவிவிட்டன. அதே முரானோவில் இன்று சுற்றுலாக்காரர்கள் காசு கட்டி உலையடியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். முரானோக் கண்ணாடியின் மதிப்பு குறைந்துவிடவில்லை. உங்கள் விஷயத்தில், மெழுகில் அம்மனின் உதட்டு ஓரத்தில் ஒரு புன்னகை வரவைக்கிற கை அரை நாள் வகுப்பில் யாருக்கும் வந்துவிடாது. மீன் செய்து பார்த்தவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது தெரியவரும், அவ்வளவுதான். அந்தக் கஷ்டம் தெரிந்தவர்தான் நல்ல விலை கொடுத்து வாங்குவார்.

நேரம் இல்லை என்பது உண்மையான மறுப்பு. பெரிய ஆர்டர் கையில் இருக்கும்போது பெரிய ஸ்தபதி உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. அவர் செய்யவும் வேண்டாம். பட்டறையில் சேர்ந்து சில வருஷம் ஆன இளைஞர்கள், வயதாகிக் கண் மங்கி நுண் வேலையை விட்டுவிட்ட பெரியவர்கள், இவர்களை வைத்து வாரத்துக்கு ஒரு நாள் நடத்தலாம். மாமல்லபுரத்து அரசு சிற்பக்கலைக் கல்லூரியில் உலோகச் சிற்பம் படித்துவிட்டு வேலை தேடுகிற பிள்ளைகளைக் கூப்பிடலாம். ஊரிலேயே அரசின் கைவினைப்பொருள் நிறுவனமான பூம்புகாரின் உற்பத்தி மையம் இருக்கிறது, அவர்களும் சேர்ந்தால் நாலைந்து பட்டறைகள் முறை வைத்துக்கொள்ளலாம். வகுப்புக் கட்டணத்தில் சொல்லிக்கொடுக்கிறவருக்கு இவ்வளவு என்று முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள். ஓரமாக உட்கார்ந்து அரம் போடுகிற தம்பிக்கும் ஒரு பங்கு போகட்டும், பார்வையாளர் அவரையும்தான் நின்று பார்க்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சுற்றிப் பார்க்க வருகிற பெண் பிள்ளைகள் "நாங்களும் இதைப் படிக்கலாமா சார்?" என்று என்னிடம்தான் கேட்கிறார்கள், உங்களிடம் கேட்பதில்லை. பரம்பரை வீட்டில் பிறந்தவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தொழில் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உங்கள் பட்டறைகளில் பல குடும்பங்களிலிருந்தும் வந்தவர்கள் வேலை பார்ப்பது அவர்களுக்குத் தெரியாது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பொறியியலும் கணினியும் படிக்கப் போகிறார்கள் என்று நீங்களே வருத்தத்தோடு சொல்லியிருக்கிறீர்கள். வகுப்பு நடந்தால் ஆயிரம் பேரில் ஒருத்தி மீனோடு நிற்காமல் மறுபடி வந்து நிற்பாள். அவளுக்கு இடம் கொடுங்கள்.

எவ்வளவு வாங்கலாம் என்று கேட்டால், என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். சுற்றிப் பார்க்க ஆளுக்கு 100 ரூபாய், பள்ளிப் பிள்ளைகளுக்கு 30. அரை நாள் ஓலை, மெழுகு வகுப்பு, வார்த்து அனுப்பும் செலவோடு 1500 ரூபாய். வார்க்காமல் மெழுகு மட்டும் என்றால் 300. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கிற தட்சிணசித்ரா என்ற கைவினை அருங்காட்சியகத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கிப் போய், பானை வனைந்து பார்த்து, கண்ணாடி ஊதுவதைப் பார்த்துவிட்டு சந்தோஷமாகத் திரும்புகிற குடும்பங்கள் எத்தனையோ. காசு வாங்கினால் ஆள் வராது என்ற பயம் வேண்டாம். விற்பனைக்கூடத்தில் சிலை வாங்குகிறவருக்குக் கட்டணத்தைக் கழித்துக்கொள்வதும் வேண்டாம். அப்படிச் செய்தால் மறுபடியும் பழைய கூச்சம் வந்துவிடும்.

2023இல் டெல்லி பாரத் மண்டபத்து முன்னால் நிறுத்திய 27 அடி நடராஜர் உங்கள் ஊரில் மெழுகில் தொடங்கி வார்க்கப்பட்டவர் என்று செய்தியில் பார்த்த பிறகு, என் வகுப்புப் பிள்ளைகள் சுவாமிமலை எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடினார்கள். தஞ்சாவூர்க் கலைக்கூடத்துக்கு அவர்களைக் கூட்டிப்போகும்போது திருவெண்காட்டு ரிஷபவாகனரின் முன்னால் நிறுத்துவேன். 1011ஆம் ஆண்டுத் திருமேனி. தலையில் பாம்பைச் சுற்றியிருக்கிற அழகைப் பார்த்துவிட்டு, இதை எப்படிச் செய்தார்கள் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். பதில் ஒரு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் இருக்கிறது. அங்கே கூட்டிப்போனால் என்றைக்கு என்ன பார்க்கக் கிடைக்கும், பிள்ளைகள் எதையாவது தொட முடியுமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்கும் கடிதத்தில் எழுத ஒரு நேரமும் ஒரு கட்டணமும் இருந்தால் எனக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரே ஒரு பட்டறை தொடங்கினால் போதும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பத்து மணி முதல் ஒரு மணி வரை, பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். வாசலில் ஒரு பலகை, ஒரு தொலைபேசி எண். அரையாண்டு விடுமுறைக்கு முன்னால் வைத்துவிட்டால் எங்கள் பள்ளியிலிருந்து முதல் பதினைந்து பேரை நானே கூட்டிவருகிறேன். பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறைகளுக்கு அடிக்கடி வரும் ஓர் ஓவிய ஆசிரியர்